புத்தாண்டுக்கு முதல் தாலிக்கொடியை மீட்கலாமா?

கேள்வி: ஐயா, நான் பரந்தன் பக்கம். வயது 31. கத்தாரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் நாலு வருடம் புல் பராமரிப்பு வேலை செய்தேன். அதனால் அந்த விளையாட்டு எனக்கு நன்றாகத் தெரியும். ஊருக்கு வந்த பிறகு ஒரு ஏஜென்ட் மூலம் பந்தயத் தளத்துக்கு ஐடி எடுத்துப் போனில் பந்தயம் கட்டத் தொடங்கினேன். போன வருடம் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ஜஸ்டின் ரோஸ் மேல் 70க்கு 1 விலையில் (வென்றால் ரூபாய்க்கு எழுபது ரூபாய்), வெற்றிக்கு 2,000, முதல் ஐந்து இடத்துக்குள் வருவதற்கு 2,000 கட்டினேன். சமநிலைக்குப் பிறகு நடக்கும் பிளே-ஓவில் மயிரிழையில் போனது. அதிலிருந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை போட்டது 5,40,000. வந்தது 1,65,000. மனைவியின் தாலிக்கொடி வங்கியில் 3,50,000க்கு அடகில் இருக்கிறது. மீற்றர் வட்டிக்கு (கந்துவட்டிக்கு) 80,000, நண்பனிடம் 60,000 கடன். கொடி லொக்கரில் இருக்கிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். புத்தாண்டுக்குப் போடக் கேட்பாள். காலபோக நெல் விற்ற காசு 2,75,000 கையில் உண்டு. சிறுபோகத்துக்கு 75,000 வைத்துவிட்டு, ஏப்ரல் மாஸ்டர்ஸில் சனிக்கிழமை ஆட்டம் முடிய யார் முன்னுக்கு நிற்கிறாரோ அவர் மேல் 2 இலட்சத்தை ஒரே ஒரு தடவை கட்டினால் 4 இலட்சம் வரும். கொடியை மீட்டுவிட்டு இதை விட்டுவிடுவேன். என் முறையில் பிழை இருக்கிறதா?

பதில்:

தம்பி, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இருபத்தேழு வருடம் வங்கியில் விவசாயக் கடன் பார்த்தவன் நான். முதல் வாசிப்பில் எனக்குக் கோல்ஃப் தெரியவில்லை, உங்கள் கணக்குத்தான் தெரிந்தது. நோட்டின்படி உங்கள் நட்டம் 3,75,000. கடனைக் கூட்டினால் 4,90,000 வருகிறது. இடையில் 1,15,000 எங்கே? வட்டி கொஞ்சம் தின்றிருக்கும். மிச்சம், நோட்டில் எழுதாத பந்தயங்கள் என்று நினைக்கிறேன். நடுச்சாமத்தில் கட்டியவை, எழுதக் கை வராதவை. நான் நினைப்பது பிழையென்றால் மன்னியுங்கள். சரியென்றால், முறையில் உள்ள முதல் பிழை அதுதான். இவ்வளவு ஒழுங்காக நோட்டு வைத்திருக்கிற ஒருவரே எழுதாமல் விட்ட பக்கங்கள் இருக்கின்றன.

இனி ரோஸ் கதைக்கு வருவோம். மற்றதெல்லாம் அங்கேயிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

2025 ஏப்ரல் 13 ஞாயிறு, மாஸ்டர்ஸ் நடக்கும் அமெரிக்காவின் ஒகஸ்டாவில் கடைசி ரவுண்ட். அங்கே மாலை ஏழு மணி என்றால் நமக்குத் திங்கள் விடியற்புறம் நாலரை. அன்று சித்திரைப் புத்தாண்டு. வீட்டில் மற்றவர்கள் மருத்துநீர் வைத்துக் குளிக்க எழும்புகிற நேரத்தில் நீங்கள் போனைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். கோல்ஃபில் ஷாட் குறையக் குறைய நல்லது. ரோஸ் அன்று 66 அடித்து, நாலு நாளிலும் நிர்ணயத்தைவிட 11 ஷாட் குறைவாக, 11 அண்டர் பாரில் முடித்துவிட்டார். பின்னால் வந்த ரோரி மெக்கில்ராய் கடைசி ஹோலில் ஐந்தடி தூரத்திலிருந்து குழிக்குள் உருட்டும் பட் ஒன்றைத் தவறவிட்டார். அந்த இடத்தில் நீங்கள் எழுந்து நின்றிருப்பீர்கள். பிறகு பிளே-ஓவ். முதல் ஹோலிலேயே மெக்கில்ராய் பந்தைக் குழிக்குச் சில அடிக்குள் கொண்டுவந்து, நிர்ணயத்தைவிட ஒரு ஷாட் குறைவான பேர்டி எடுத்தார். ஆட்டம் முடிந்தது.

அன்று உங்களுக்கு என்ன கிடைத்தது? ரோஸ் தனியாக இரண்டாம் இடம். முதல் ஐந்து இடத்துக்குக் கட்டிய 2,000க்கு விலையின் கால் பங்கு, அதாவது பதினேழரை மடங்கு: 35,000. கட்டிய 2,000 திரும்ப வர மொத்தம் 37,000. 4,000 போட்டு 33,000 லாபம்! ஆனால் கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பது ‘மயிரிழையில் போனது’ என்று. லாபம் வந்த பந்தயத்தைத் தோல்வியாக எழுதுகிறீர்கள். ரோஸ் வென்றிருந்தால் மேலதிகமாக வந்திருக்கும் 1,42,000ஐ உங்கள் மனம் ஏற்கனவே உங்கள் காசாக எடுத்துவிட்டது. அது கையைவிட்டுப் போனதாக எண்ணி, அதைத் திருப்பி எடுக்கத்தான் ஒரு வருடமாக ஓடுகிறீர்கள். கடன்காரர் பட்டியலில் நீங்கள் எழுதாத பெரிய கடன் இந்த 1,42,000தான். அதை யாரும் உங்களிடமிருந்து எடுக்கவில்லை, அது உங்களிடம் இருந்ததும் இல்லை.

கோல்ஃப் இதற்கென்றே வாய்த்த விளையாட்டு. நாலு நாள், 72 ஹோல், மாஸ்டர்ஸில் தொண்ணூறு பேர் அளவில் ஆட்டக்காரர். நாலு நாளில் ஒரு நாளாவது உங்கள் ஆள் மேலே ஏறுவார். கிரிக்கெட்டில் தோற்கிற அணியை நாலு மணித்தியாலத்தில் மறந்துவிடலாம். இங்கே வியாழன் தொடங்கி ஞாயிறு வரை ‘கிட்ட வந்துவிட்டது’ என்ற நினைப்பு விடாது. கட்டும் காசில் பாதியை முதல் ஐந்து இடத்துக்குப் போடும் ஏற்பாடும் அதற்குத்தான் உதவுகிறது. தோற்றாலும் வென்றமாதிரி இருக்கும், வென்றாலும் தோற்றமாதிரி இருக்கும். இரண்டிலும் அடுத்த கிழமை திரும்ப வருவீர்கள்.

உங்கள் புல் அறிவைப் பற்றி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெர்முடா புல்லில் பந்து எப்படி உருளும், பென்ட் புல்லில் எப்படி என்பதைக் காலையில் நாலு மணிக்கு எழுந்து, குழியைச் சுற்றியுள்ள கிரீன் புல்லை வெட்டியவருக்குத்தான் தெரியும். றோயல் கொழும்புக் கழகம் 1879இல் தொடங்கியது, நுவரெலியா மைதானம் 1889இல். வன்னியில் அப்படி ஒன்று இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆகவே பரந்தனில் இந்த விளையாட்டை உங்களைவிடத் தெரிந்தவர் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் பந்தயம் பரந்தன்காரரோடு இல்லையே. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஒவ்வொருவர் அடிக்கும் ஒவ்வொரு ஷாட்டும் எங்கே விழுந்தது, குழிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பதிவாகிறது. விலை போடுகிறவர்களின் கையில் அந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது. ரோஸ் எந்தப் புல்லில் நன்றாக விளையாடுவார் என்பது 70க்கு 1 என்ற அந்த விலைக்குள்ளேயே கிடக்கிறது. உள்ளே இருந்து உண்மையில் ஏதாவது தெரிந்தவர்கள் ஆட்டக்காரர்கள்தான், கோல்ஃப் போட்டிகளில் பந்தயம் கட்ட டூர் விதி அவர்களை அனுமதிப்பதே இல்லை. மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் ஆறை வென்ற கோல்ஃப் ஆட்டக்காரர் பில் மிக்கல்சன் 2023இல் தன் கையாலேயே எழுதினார்: பந்தயம் தனக்கு அளவைத் தாண்டி அடிமைத்தனமாகிவிட்டது, அந்த வருட அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தில் கட்டப்போவதில்லை என்று. விளையாட்டு தெரிந்த ஆளுக்கும், காசு உள்ள ஆளுக்கும் நடக்கிறது.

சரி, பந்தயக் கடைக்காரர் எப்படிச் சம்பாதிக்கிறார்? உங்கள் ஊர்ப் பக்கம் மாட்டுவண்டிச் சவாரி பார்த்திருப்பீர்கள். நாலு சோடி மாடு, நாலும் சமபலம் என்று வையுங்கள். நியாயமான விலை 3க்கு 1. நான் கடை போட்டு எல்லாச் சோடிக்கும் 2க்கு 1தான் தருவேன் என்கிறேன். நாலு பேர் வந்து ஆளுக்கொரு சோடி மேல் 1,000 கட்டுகிறார்கள். என் கையில் 4,000. எந்தச் சோடி வந்தாலும் நான் கொடுப்பது 3,000. எனக்கு மாட்டைப் பற்றி ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை தம்பி. வெள்ளையா சிவலையா என்றுகூடப் பார்க்க மாட்டேன்.

இதை உங்கள் நோட்டில் நீங்களே செய்து பார்க்கலாம். மாஸ்டர்ஸுக்கு அந்தத் தளம் போட்டிருக்கும் விலை முழுவதையும் எழுதுங்கள், ஒருவரையும் விடாமல். ஒவ்வொரு விலையோடும் 1ஐக் கூட்டி, 100ஐ அதனால் வகுங்கள். 70க்கு 1 என்றால் 100ஐ 71ஆல் வகுக்க 1.41 வரும். 4க்கு 1 என்றால் 20. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டுங்கள். நியாயமான கடையென்றால் 100 வர வேண்டும். சவாரிக் கடையில் 133 வந்தது. நூறுக்கு மேல் வருவதெல்லாம் கடைக்காரரின் பங்கு, ஆட்டக்காரர் தொகை கூடக் கூட அவர் அதை ஒளிக்கவும் இடம் கூடும். அரை மணித்தியால வேலை. ஒரு வருட நோட்டில் இந்தக் கூட்டல் ஒருநாளும் நடக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இன்னொன்று. உங்கள் முறை நல்லதா கெட்டதா என்று எப்போது தெரியும்? 70க்கு 1 ஆட்களையே தேடிக் கட்டுகிறீர்கள் என்று வைப்போம், விலை நியாயம் என்றும் வைப்போம். கிழமைக்கு ஒன்றாக வருடத்துக்கு 40 போட்டி. 71 தரத்துக்கு ஒரு தரம் வரும் என்றால், ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒரு வெற்றி. அந்த ஒன்று அதிர்ஷ்டமா திறமையா என்று பிரித்தறிய இன்னும் பத்துப் பதினைந்து வருடம் வேண்டும். நெல்லில் இரண்டு போகத்தில் விதை நல்லதா என்று தெரிந்துவிடும்.

இப்போது அந்தச் சனிக்கிழமைத் திட்டம். முன்னுக்கு நிற்பவர் வெல்வதே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். போன வருடமே பிஜிஏ சம்பியன்ஷிப்பிலும் பிரிட்டிஷ் ஓப்பனிலும் ஸ்கொட்டி ஷெஃப்லர் முன்னுக்கு நின்றார், வென்றார். ஆனால் ஜூனில் ஓக்மொன்ட்டில் நடந்த யுஎஸ் ஓப்பனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று ரவுண்ட் முடியச் சாம் பேர்ன்ஸ் ஒரு ஷாட் முன்னால். கடைசி நாள் 78 அடித்து ஏழாம் இடத்தில் மற்றவர்களோடு ஒதுங்கினார். முதல் ஒன்பது ஹோலில் 40 அடித்துச் சறுக்கிய ஜே.ஜே. ஸ்போன் மழை இடைவேளைக்குப் பிறகு திரும்பி வந்து, கடைசி ஹோலில் 64 அடித் தூரத்துப் பட்டை உருட்டிப் போட்டு வென்றார். ஒகஸ்டாவையே எடுங்கள். 1996இல் கிரெக் நோர்மன் கடைசி நாள் ஆறு ஷாட் முன்னால் தொடங்கி, நிக் ஃபால்டோவிடம் ஐந்து ஷாட்டால் தோற்றார். 2011இல் மெக்கில்ராய் நாலு ஷாட் முன்னால் நின்று 80 அடித்தார். இரண்டு இலட்சம் கட்டினால் நாலு இலட்சம் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவருடைய கணக்கில் நீங்கள் தோற்பதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது என்றுதான் பொருள்.

இந்த முறை போட்டி ஏப்ரல் 9 முதல் 12 வரை. சனிக்கிழமை ஆட்டம் நமக்கு ஞாயிறு விடிய முடியும். கடைசி ஆட்டம் ஞாயிறு நடுச்சாமத்துக்குப் பிறகு. இடையில் ஒரு முழுப் பகல், கையில் போன், கணக்கில் இரண்டு இலட்சம். அந்தப் பகலில் 2 இலட்சம் 2 இலட்சமாகவே இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களுக்கும் இருக்காது.

தோற்றால் என்ன நடக்கும் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. வங்கியில் கடன் விண்ணப்பம் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். ஒருமுறை தேடாமல் விட்டேன். மல்லாவிப் பக்கம் ஒருவர் நீர் இறைக்கும் மோட்டர் வாங்க என்று கடன் கேட்டார். காகிதமெல்லாம் சரி. தோட்டத்தைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும், வேலை கூடிய கிழமை, போகவில்லை, கையெழுத்து வைத்தேன். மோட்டர் வரவில்லை, காசு கிரிக்கெட்டுக்குப் போயிருந்தது. ஆறு மாதம் கழித்து அவருடைய மனைவி என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, “என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாமே ஐயா” என்றா. அவவுக்கு நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே, இரண்டு இலட்சத்தைக் கட்ட வேண்டாம். அந்தக் காசை இப்படிப் பிரியுங்கள்.

முதலில் மீற்றர் வட்டி. கிழமைக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 80,000க்குக் கிழமைக்கு 4,000 என்று வைத்தால்கூட வருடத்துக்கு 2,08,000. கொடியைப் பற்றி இரவெல்லாம் கவலைப்படுகிறீர்கள், உண்மையில் வீட்டைத் தின்பது இதுதான். 80,000ஐயும் ஒரே தடவையில் கொடுத்து, நீங்கள் கையெழுத்து வைத்துக் கொடுத்த காகிதம், காசோலை ஏதும் இருந்தால் கையோடு திருப்பி வாங்குங்கள். தனியாகப் போகாமல் ஊரில் மதிப்பான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சிறுபோகத்துக்கு 75,000 ஒதுக்கியது நல்ல புத்தி, அதில் கை வைக்க வேண்டாம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் இந்த முறை எவ்வளவு ஏக்கருக்கு அனுமதி என்று கூட்டத்தில் தீர்மானமாகும்வரை அது மனைவியின் கணக்கில் கிடக்கட்டும். மிச்சம் 1,20,000. அதில் 90,000ஐ அடகுக்குக் கட்டுங்கள். வட்டி போக மிச்சம் கடன் முதலிலிருந்து கழியும், தவணையை மாற்றி எழுதலாம், நகை ஏலத்துக்குப் போகாது. வங்கியில் கேட்டால் செய்து தருவார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொரு காலபோகத்துக்குப் பிறகும் அந்தக் கவுண்டரில் பாதிச் சனம் இதற்குத்தான் நிற்கிறது. நண்பனுக்கு 20,000 கொடுத்து மிச்சத்துக்குத் தவணை சொல்லுங்கள். 10,000 புத்தாண்டுச் செலவு. கொடி ஏப்ரலில் வராது. சிறுபோகம் கைகொடுத்தால் அந்த அறுவடைக்குப் பிறகு ஒரு பகுதி, அடுத்த காலபோகத்தில் மிச்சம் என்றுதான் போகும்.

ஏஜென்ட் விடயத்தில் ஒன்று. நீங்கள் காசு போடுவது யாரோ ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு. அவர் நாளைக்கு நம்பரை மாற்றினால் எங்கே போய்க் கேட்பீர்கள்? சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகார சபை அமைக்க 2025இல் சட்டம் வந்திருக்கிறது, ஆனால் வட்ஸ்அப்பில் ஐடி விற்கிறவர் எந்தச் சபைக்கும் பதில் சொல்ல மாட்டார். அதைவிட முக்கியம்: “உன்ர கணக்கைக் கொஞ்ச நாளைக்குத் தா, கமிஷன் தாறன்” என்று கேட்பார்கள். கடன்பட்டவரைத் தேடித்தான் கேட்பார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். பிறகு பொலிஸ் தேடி வருவது கணக்குக்காரரை. ஐடியை அழியுங்கள், அவருடைய நம்பரைத் தடை செய்யுங்கள், போனில் உள்ள வங்கிச் செயலியில் நாள் வரம்பைக் குறைத்துவிடுங்கள்.

இவ்வளவும் காசுக் கணக்கு, என் தொழில். என் தொழிலுக்கு வெளியே ஒன்று இருக்கிறது. சூதாட்டத்தை விட முடியாமல் போவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல உதவி எண்ணான 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம், இரவு இரண்டு மணிக்கும். அந்த நாலு இரவுகளில் கை துடித்தால் அழையுங்கள். தனியாகச் சமாளிப்பேன் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் ஞாயிறு இரவு கடினம்.

மனைவிக்குச் சொல்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுவதும் அதைச் சுற்றித்தான் நிற்கிறது. கொடியை வைத்துவிட்டால் சொல்லத் தேவையில்லை என்பதுதானே திட்டம்? புத்தாண்டன்று காலையில் “லொக்கர் திறப்பைத் தாங்கோ” என்று அவ கேட்கும்போது சொல்வதைவிட, இந்தக் கிழமை சொல்வது இருவருக்கும் நல்லது. பிள்ளை இருந்தால் பிள்ளை நித்திரையான பிறகு. அடகுச் சீட்டு, நோட்டு, மீற்றர் வட்டிக்காரர் சீட்டு ஏதும் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். பாதி சொல்லி மிச்சத்தைப் பிறகு சொல்வோம் என்று நினைக்க வேண்டாம், இரண்டாம் முறை வருகிற உண்மையை யாரும் நம்புவதில்லை. அந்த 1,15,000ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். ரோஸ், பிளே-ஓவ், பென்ட் புல் ஒன்றும் அன்றைக்கு வேண்டாம். அவ கத்தலாம், தாய் வீட்டுக்குப் போகலாம், பேசாமலே இருக்கலாம். எது நடந்தாலும் நெல்லுக் காசு வீட்டில் இருக்கிறது என்று அப்போது சொல்ல முடிய வேண்டும். இரண்டு இலட்சத்தையும் கட்டிவிட்டு அந்த இரவில் உட்கார வேண்டாம்.

கோல்ஃப் பார்ப்பதை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. பந்தயம் இல்லாத ஒரு மாஸ்டர்ஸை இரண்டு வருடம் கழித்துப் பாருங்கள். இந்த முறை வேண்டாம், முடிவை மட்டும் திங்கள் காலையில் பார்த்தால் போதும். புல் தெரிந்த கைக்கு இங்கே வேலை இல்லாமலும் இல்லை. ஹோட்டல்காரர்கள் முற்றத்துக்குப் புல் போட ஆள் தேடுகிறார்கள், பள்ளிக்கூட மைதானங்களின் நிலையை நீங்களே போகிற வழியில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்தில் உங்கள் அனுபவத்தை எழுதிக் கொண்டு போய்ப் பாருங்கள்.

அந்தக் கூட்டலைச் செய்துவிட்டு, எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.